ஆர்வித் வீட்டுப் பெயர்

ஸ்கெல்தோர்ப் கரையில் களிமண் மேடு வருடத்துக்கு இரண்டு கஜம் கடலுக்குள் போகும். அங்கே யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை. ஒரு வீட்டுக்கு முறை வந்துவிட்டால், வீட்டுக்காரர் கதவையும் ஜன்னலையும் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு மூன்று வயல் தள்ளிப் போய் வேறு வீடு கட்டிக்கொள்வார். கல்லறைத் தோட்டத்துக்கு மட்டும் அந்த வசதி இல்லை.

1958ஆம் வருடம் மார்ச் மாதப் புயல் ஓய்ந்தபோது, தோட்டத்தின் கடைசி வரிசைக்கு முறை வந்திருந்தது. அந்த வரிசையில் இருபத்திரண்டு கற்கள். எல்லாவற்றிலும் ஒரே பெயர்: ஆர்வித். முன்னால் வேறு பெயர் கிடையாது. கீழே வருடம் மட்டும். மற்றவர்களை எல்லா ஊரிலும் போல மேற்கே தலை வைத்துப் புதைத்திருந்தார்கள். இவர்களுக்குத் தலை கிழக்கே கடல் பக்கம், கால் ஊர்ப் பக்கம். எழுந்தால் நேராக ஊருக்குள் நடந்து வரவேண்டும், மறுபடி தண்ணீருக்குப் போய்விடக் கூடாது என்று அந்தக் காலத்தில் யாரோ செய்த ஏற்பாடு. அதனால் மேடு சரியும்போது முதலில் வெளியே வருவது தலைதான். அந்த மார்ச்சில் கரையில் நின்று அண்ணாந்து பார்த்தவர்களுக்கு, செம்மண் சுவரில் இரண்டு உச்சந்தலைகள் தெரிந்தன. மழை கழுவி, முட்டை போல வெளுத்திருந்தன.

கெஸியா ஆர்வித்தும் அவற்றைப் பார்த்தாள். ஐம்பத்தாறு வயது, நீண்ட கைகள், கொஞ்சம் காது மந்தம். துணி வெளுப்பது அவள் தொழில். பாதிரியாரின் வெள்ளை அங்கி, கடலோரக் காவலர்களின் படுக்கை விரிப்பு, பள்ளிக்கூடத்து மேஜைத் துணி எல்லாம் அவள் துணி வேகவைக்கும் கொப்பரைக்குத்தான் வரும். அந்தப் பெயரோடு உயிருடன் இருந்தவள் அவள் ஒருத்தி. ஸ்கெல்தோர்ப்பில் மட்டுமல்ல, எங்கேயுமே. பெயர்களைத் தேடிச் சேகரிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஒருமுறை லீட்ஸிலிருந்து கடிதம் போட்டிருந்தார். நாடு முழுவதும் உள்ள தொலைபேசிப் புத்தகங்களைப் புரட்டிவிட்டாராம், இந்தப் பெயர் எங்கும் இல்லையாம், குடும்ப வரலாறு தெரிந்தால் எழுத முடியுமா என்று கேட்டிருந்தார். அவள் பதில் போடவில்லை. தெரிந்ததை எழுதினால் அவர் நம்பமாட்டார். நம்பினால் இன்னும் மோசம், புறப்பட்டு வந்துவிடுவார்.

தெரிந்தது இதுதான். கடல் ஒதுக்கிய பிணம் யாருடையது என்று தெரியாவிட்டால், அதற்குப் பெயர் கொடுக்கவேண்டியது ஆர்வித் வீட்டாரின் கடமை. வீட்டின் பின்கதவைக் கீலிலிருந்து கழற்றிக் கரைக்குக் கொண்டுபோவார்கள். ஆர்வித் வீட்டு ஆள் ஒருவர், பிணத்தின் தலைமாட்டுக்குப் போகாமல், கால்மாட்டில் நின்று பாதத்தைத் தொட்டு, "உள்ள வா, நீ ஆர்வித்" என்று சொல்லவேண்டும். பிறகு அந்தக் கதவின் மேலேயே கிடத்தித் தூக்கி வருவார்கள். புதைத்து முடியும்வரை பின்வாசல் திறந்தபடி கிடக்கும், எவ்வளவு குளிரானாலும். பெயர் கொடுப்பவர் முகத்தைப் பார்க்கக் கூடாது. பார்த்துவிட்டுக் கொடுத்தால் ஆள் பார்த்துக் கொடுத்ததாக ஆகும், வந்தவருக்கு அது அவமானம்.

பெயர் கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஊரில் ஒரு கதை உண்டு. கெஸியாவின் தாத்தா வெளியூர் போயிருந்த சமயம் ஒரு பிணம் ஒதுங்கியது. அப்போதிருந்த பாதிரியார் காத்திருக்காமல் புதைத்துவிட்டார். ஆர்வித் வீட்டுக் கிணறு மறுநாளே உப்புக் கரித்தது. தாத்தா ஒன்பதாம் நாள் திரும்பி வந்து, குழியின் கால்மாட்டில் நின்று சொல்லவேண்டியதைச் சொன்ன பிறகுதான் தண்ணீர் தெளிந்தது.

கெஸியா முதன்முதலில் பெயர் கொடுத்தது பத்தொன்பது வயதில், 1921 மார்ச்சில். அப்பா ரூபன் அந்த ஜனவரியில்தான் நெஞ்சுச் சளியில் போயிருந்தார். அம்மா அதற்கும் முன்பே இல்லை. அண்ணன் ஜெத்ரோ ஹல் துறைமுகத்தில் மீன்பிடிக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆகவே கடலோரக் காவலர் வந்து கதவைத் தட்டியபோது போகவேண்டியவள் அவள்தான்.

பிணம் பல நாள் தண்ணீரில் கிடந்தது. நகரத்திலிருந்து வந்த மருத்துவரும் ஊருக்குப் புதிதான கான்ஸ்டபிளும் பார்த்து, அடையாளம் தெரியவில்லை என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். தலையிலிருந்து முழங்கால்வரை தார்ப்பாய் சுற்றியிருந்தது. ஒரு காலில் பூட்ஸ் இருந்தது, மற்றதில் சாம்பல் நிறக் காலுறை மட்டும். அந்தக் கரை நெடுக எல்லாப் பெண்களும் அதே சாம்பல் கம்பளி நூலில், அதே பின்னலில்தான் காலுறை போடுவார்கள். அவளும் அண்ணனுக்கு அப்படித்தான் போட்டுக் கொடுத்திருந்தாள். காலுறை போட்டிருந்த பாதத்தில் கையை வைத்தாள். "உள்ள வா, நீ ஆர்வித்." குரல் நடுங்காமல் வந்ததில் அவளுக்கு அன்று பெருமையாகக்கூட இருந்தது.

மே மாதம் ஹல்லிலிருந்து தகவல் வந்தது. ஜெத்ரோ போன கப்பல் மார்ச் முதல் வாரத்துக்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. பன்னிரண்டு பேரும் போய்விட்டதாகவே கொள்ளவேண்டும்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே கேள்விதான். தான் அந்நியன் என்று நினைத்துப் பெயர் கொடுத்தது சொந்த அண்ணனுக்கா? அவன் பெயரையே அவனுக்குக் கொடுத்து, முகத்தைக்கூடப் பார்க்காமல் வழியனுப்பி வைத்தாளா? இரண்டில் எதுவானாலும் கல்லில் இருப்பது அதே பெயர்தான். கல்லைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. ஈஸ்டர்தோறும் அந்தக் கல்லைச் சோடாவும் தென்னை நார்ப் பிரஷும் கொண்டு தேய்த்துக் கழுவினாள். கழுவும்போது வீட்டுச் சேதி எல்லாம் சொல்லுவாள். அண்ணா என்று மட்டும் கூப்பிட்டதில்லை.

1926இல் வில்ஃப் ஸ்டாதர் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டான். ஜெத்ரோவோடு பள்ளிக்கூடம் போனவன், குழி வெட்டுகிறவனின் மகன். அந்த 1921 பிணத்தைச் சுமந்தவர்களில் அவனும் ஒருவன்.

"உன் பேரு வந்துட்டா என் பேரு போயிடுமே வில்ஃப். அப்புறம் கரைக்கு யாரு போவா?" என்றாள்.

"செத்தவங்களுக்காக என்னை வேணாங்கறியா?"

"உனக்கு வேற பொண்ணு கெடைப்பா. அவங்களுக்கு வேற வீடு கெடைக்காது."

வில்ஃபுக்கு வேறு பெண் கிடைத்தாள். நான்கு பிள்ளைகள் பிறந்தார்கள். அப்பாவின் மண்வெட்டியும் அவன் கைக்கு வந்தது. கெஸியா பின்னால் வந்த போர்க்காலம் முழுவதும் கரைக்குப் போனாள். அப்போது ஒதுங்கியவர்களை ராணுவ லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும். லாரி கிளம்புமுன் பின்பக்கம் நின்று, கைக்கு எட்டிய பாதங்களைத் தொட்டு ஒவ்வொன்றுக்கும் சொல்லுவாள். டிரைவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு அவள் வரும்வரை எஞ்சினை அணைத்து வைத்தார்கள்.

1958 ஏப்ரலில் பாதிரியார் பாஸ்கோ அவள் வீட்டுக்கு வந்தார். கார்ன்வாலில் பிறந்தவர், ஊருக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. கொப்பரை கொதித்துக்கொண்டிருந்தது. ஆவியில் அவர் மூக்குக்கண்ணாடி வெளுத்துப் போயிற்று.

"உக்காருங்க ஐயா. அந்த ஸ்டூல்ல வேணாம், அது ஆடும்."

"அந்தக் கடைசி வரிசை விஷயமா வந்தேன் மிஸ் ஆர்வித். மே மாசம் தோண்டி எடுக்கறாங்க. உள்ள தள்ளி, ஹாக்பி ஊர்ல புது இடம் குடுத்திருக்காங்க. உறவுக்காரங்க இருக்கறவங்களுக்குத் தனித்தனிக் குழி, பழைய கல்லையே நட்டுக்கலாம். யாருன்னு தெரியாதவங்களுக்கு எல்லாம் சேத்து ஒரே குழி."

"யாருன்னு தெரியாதவங்க யாரும் அந்த வரிசையில இல்லையே ஐயா. எல்லாரும் ஆர்வித்."

"அது நீங்க பெரிய மனசு பண்ணிக் குடுத்த பேரு. ரத்த உறவு இல்லையே. மேல கேட்டா நான் என்ன சொல்ல?"

கெஸியா விரிப்பு ஒன்றை வெளியே இழுத்து, நிதானமாகப் பிழிந்தாள். முப்பத்தேழு வருடமாக யாரிடமும் சொல்லாததை, விரிப்பைப் பார்த்துக்கொண்டே அவரிடம் சொன்னாள்.

பாதிரியார் கண்ணாடியைத் துடைத்தார். "பாத்தா தெரியுமா? அடையாளம் ஏதாவது?"

"இடது கை. எட்டு வயசுல ஆலைச் சுவத்துலேருந்து விழுந்து முழங்கைக்குக் கீழ ஒடஞ்சுது. எலும்பு கட்டறவன் குடிச்சிட்டு வந்து கட்டினான். வில்லு மாதிரி வளஞ்சே கூடிடுச்சு. சட்டைக் கையே அவனுக்கு வேற மாதிரி தைக்கணும்."

"அப்ப எடுக்கற அன்னைக்கு நீங்க வாங்க. உங்க அண்ணனா இருந்தா தனிக் குழி."

"இல்லைன்னா?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். குழியில் இருப்பது அவன் இல்லையென்றால், ஜெத்ரோ முப்பத்தேழு வருடமாக வெளியே கடலில் கிடக்கிறான். தொட்டுச் சொல்ல ஒரு கைகூட இல்லாமல். இந்த இரண்டில் எது தேவலை என்று அவள் பல ஈஸ்டர்களில் யோசித்திருக்கிறாள். முடிவுக்கு வந்ததில்லை.

மூன்று வாரம் கழித்துப் பாதிரியார் மறுபடி வந்தார். கையில் துணி சுற்றிய பழைய பதிவேடு. பெயர்த்து எடுப்பவர்களின் பட்டியல் போடுவதற்காக அவர் கோயில் பெட்டியில் இருந்த புத்தகங்களை எல்லாம் அடியிலிருந்து படித்துக்கொண்டு வந்திருக்கிறார். அவர் முகம் ஏதோ சாப்பிடக் கூடாததைச் சாப்பிட்டவர் முகம் போல இருந்தது.

"உங்க குடும்பம் எப்பலேருந்து இங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எப்பவும் இருக்கோம். அந்தக் காலத்துல ஜமீன்தாரு கரையோர நெலத்தைக் குடுத்து, பதிலுக்கு இந்தக் கடமையைக் குடுத்தாருன்னு அப்பா சொல்லுவாரு."

"நானும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்." பதிவேட்டைத் திறந்தார். "ஆர்வித்துங்கறது ஒரு ஊரு. இங்கேருந்து கெழக்கே, இப்ப தண்ணி இருக்கற எடத்துல. அது முங்கிப் போயி அறுநூறு வருஷம் ஆச்சு. இந்தப் பதிவேடு அதுக்கு இருநூறு வருஷத்துக்கு அப்புறம் ஆரம்பிக்குது. இதோ பாருங்க. இந்த வருஷம் அடக்கம்: ஆர்வித்திலிருந்து வந்த ஒருவன். இந்த வருஷம்: ஆர்வித்திலிருந்து வந்த பெண். இது: ஆர்வித்திலிருந்து இருவர். தொண்ணூறு வருஷத்துக்கு மேல இப்படியே போகுது. இந்தப் பேருல ஒரு ஞானஸ்நானம் கெடையாது. ஒரு கல்யாணம் கெடையாது. அடக்கம் மட்டும்தான்."

"கடல்ல வந்தவங்க."

"கடல்ல வந்தவங்க. கரையில யாரு ஒதுங்கினாலும், அந்த முங்கின ஊருலேருந்துதான் வராங்கன்னு அப்ப எழுதினவங்க நம்பியிருக்காங்க. குடும்பம்னு ஒண்ணு அப்ப இல்லவே இல்ல, மிஸ் ஆர்வித். உங்க பேரு வர்ற முதல் ஞானஸ்நானம் இதுதான். 1653." விரலை வைத்து மெதுவாகப் படித்தார். "செத்த பெண் ஒருத்தியின் இடுப்பில் கட்டியிருந்த ஆண் குழந்தை. ஆர்வித்திலிருந்து வந்தது. உயிருடன்."

கொப்பரைக்குக் கீழே கரி சரிந்து விழுந்தது. கெஸியா கையைத் துடைத்துக்கொண்டு அந்த வரியைக் குனிந்து பார்த்தாள். பழைய கையெழுத்து, அவளால் ஒரு சொல்லைத்தான் படிக்க முடிந்தது. அது அவள் பெயர்.

"அப்ப நாங்க அவங்களுக்குக் குடுக்கல" என்றாள். "அவங்க பேரைத்தான் நாங்க வெச்சிருக்கோம்."

"அந்தக் குழந்தை எந்தக் கப்பல்லேருந்து வந்துதுன்னு யாருக்கும் தெரியாது. நீங்க இதை மனசுல போட்டுக்காதீங்க."

"நீங்கதான் போட்டுக்கிட்டீங்க போல இருக்கு ஐயா. மூஞ்சி வெளுத்துக் கெடக்கு. டீ போடறேன், இருங்க."

மே இரண்டாம் வாரம் தோண்டினார்கள். வரிசையைச் சுற்றிக் கான்வாஸ் கட்டி மறைத்திருந்தது. காலை பத்து மணி, நல்ல வெயில், ஆனாலும் குழிகளுக்குள் மட்டும் குளிர் அடித்தது. குழியின் அடியில் நின்றால் அலை கீழே மோதுவது காலில் தெரிந்தது. பாதிரியார் பட்டியலோடு நின்றார். வில்ஃபும் ஹாக்பியிலிருந்து வந்த இரண்டு ஆட்களும் மண்ணை எடுத்தார்கள். வில்ஃபுக்கு இப்போது முதுகு வளைந்து, மீசை வெள்ளையாகிவிட்டது.

"உன் சொந்தக்காரங்களுக்கு உழைச்சே நான் கெழவனாயிட்டேன் கெஸியா. எங்கப்பன் உள்ள வெச்சான், நான் வெளிய எடுக்கறேன்."

"உங்க வீட்டு ஆளு வெட்டின குழி எதுடா நேரா இருந்திருக்கு? அதான் நிக்க மாட்டாம கடலுக்குப் போவுது."

"வாய் மட்டும் இன்னும் வயசாகல இவளுக்கு" என்றான் வில்ஃப், ஹாக்பி ஆட்களிடம். பிறகு மண்வெட்டியை நட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அடுத்தது 1921. நீ வேணும்னா அந்தப் பக்கம் போயிரு. நான் பாத்துச் சொல்றேன். ஐயா எல்லாம் சொன்னாரு, அவன் கையை எனக்கும் தெரியும்."

"ஒரு தடவை பாக்காம விட்டேன் வில்ஃப். போதும்."

பெட்டியின் மூடி பாதி மக்கிப் போயிருந்தது. வில்ஃப் அதைத் துண்டு துண்டாக எடுத்து மேலே வைத்தான். கெஸியா பாவாடையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு குழியின் கால்மாட்டில் இறங்கினாள். பழக்கம் அவளை அங்கேயே நிறுத்தியது. காலுறையின் விளிம்பு மட்டும் கம்பளித் திரியாக மிச்சம் இருந்தது. அங்கிருந்து நகர அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பிறகு பக்கவாட்டில் ஒண்டி நடந்து தலைமாட்டுக்குப் போனாள். ஆர்வித் வீட்டு ஆள் யாரும் அதுவரை நின்றிராத இடம்.

இடது கை மார்பின் மேல் இருந்தது. வில்ஃப் பிரஷால் மண்ணைத் தள்ளினான். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை இரண்டு எலும்புகளும் தெரிந்தன. இரண்டும் நேராக இருந்தன. உடைந்த தடமே இல்லை.

வில்ஃப் வலது கையையும் சுத்தம் செய்து காட்டினான். அதுவும் நேராகத்தான் இருந்தது.

"அவன் இல்ல" என்றான்.

"இல்ல" என்றாள் அவளும்.

அவள் நெஞ்சில் முதலில் வந்தது சந்தோஷம். அண்ணனை முகம் பாராமல் அனுப்பவில்லை. அது ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது. அடுத்த மூச்சில் கீழே அலை மோதியது. இந்த மேட்டுக்கு அப்பால் கிடக்கும் அவ்வளவு தண்ணீரையும் அவள் அப்போதுதான் முதன்முறையாகக் கேட்டது போல இருந்தது.

மேலேறாமல், குனிந்து, அந்த மண்டை ஓட்டின் முகத்தைப் பார்த்தாள். முன்பல் ஒன்று ஓரம் உடைந்திருந்தது. சிறு வயதுக்காரன்.

"அங்க என்ன பாக்கற? பாக்க ஒண்ணும் இல்லியே" என்றான் வில்ஃப்.

"முப்பத்தேழு வருஷமா வீட்டுக் கதையெல்லாம் இவன்கிட்டதான் சொல்லிக்கிட்டிருந்தேன். மூஞ்சியாவது தெரிஞ்சுக்கறேன்."

பாதிரியார் மேலிருந்து மெதுவாகச் சொன்னார்: "வருத்தமா இருக்கு மிஸ் ஆர்வித். அப்ப இவரைப் பொதுக் குழிப் பட்டியல்ல எழுதிக்கறேன்."

கெஸியா வில்ஃபின் கையைப் பிடித்து மேலே ஏறினாள். பாவாடையில் ஒட்டிய களிமண்ணைத் தட்டினாள்.

"எழுதாதீங்க ஐயா. உங்க புத்தகத்துல முதல்ல இருக்கறது கடல்ல வந்த இவங்கதான். நாங்க அப்புறம் வந்தவங்க. இருபத்திரண்டு பேருக்கும் உறவுக்காரி நான் இருக்கேன். எந்த எடத்துல கையெழுத்து போடணும்னு சொல்லுங்க."

"இருபத்திரண்டு தனிக் குழியா? மேல ஒத்துக்குவாங்களா..."

"குழி வெட்டறவன் நான் ஒத்துக்கிட்டேன்" என்றான் வில்ஃப். "மேல இருக்கறவங்க வந்து மண்வெட்டியைப் புடிக்கப் போறாங்களா?"

பாதிரியார் இரண்டு பேரையும் பார்த்தார். கீழே குழியைப் பார்த்தார். பட்டியலை மடித்து, அதன் பின்பக்கத்தில், உறவு என்ற தலைப்புப் போட்டு, அவளிடம் பேனாவைக் கொடுத்தார். அவள் இருபத்திரண்டு தடவை பெயர் எழுதினாள். ஹாக்பி ஆட்கள் இரண்டு பேரும் அதற்குள் தொப்பியைக் கழற்றியிருந்தார்கள். ஏன் என்று அவர்களுக்கே தெரியாது.

கெஸியா அதற்குப் பிறகு பதினொரு வருடம் அதே வீட்டில் இருந்தாள். மேடு அவள் தோட்ட வேலியைத் தொட்டுவிட்டது. நகராட்சி உள்ளே வேறு வீடு தருவதாகச் சொன்னபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பின்கதவை மாட்டுவதையும் விட்டுவிட்டாள்; இன்னும் புதைக்காத ஒருவன் வெளியே இருந்தான். மழையோ பனியோ, பின்வாசல் கடலைப் பார்த்துத் திறந்தபடி கிடந்தது. அவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஊரார் சொன்னார்கள். துணி மட்டும் முன்பு போலவே வெள்ளையாக வெளுத்து வந்தது.

1960 கோடையில், மூன்று வாரமாக மழையே இல்லாத ஒரு மதியம், தபால்காரர் பின்பக்கமாக வந்தார். தோட்டத்துச் செங்கல் பாதை எலும்பாகக் காய்ந்து கிடந்தது. அதன் நடுவில் ஈரத் தடங்கள், கடல் பக்கத்து வேலியிலிருந்து பின்வாசல்வரை. 1921இல் ஒதுங்கியவன் போல ஒரு காலில் பூட்ஸ் இல்லை, இரண்டும் வெறுங்கால். உள்ளே போனவை மட்டும் இருந்தன. திரும்பி வந்தவை இல்லை.

அவர் தபாலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். கெஸியா இடுப்பில் கட்டிய துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவ்வளவு நிம்மதியான முகத்தை அவளிடம் அவர் அதற்கு முன் பார்த்ததில்லை என்று பிறகு பலமுறை சொன்னார்.

"ஓரமா வாங்க" என்றாளாம். "நடுவுல ஈரமா இருக்கு. மிதிச்சிராதீங்க."